ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் உப்புமா!

தஞ்சாவூர் போய்விட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று சாமான்களோடு திரும்புவார்கள். ஒன்று, தலையாட்டி பொம்மை. இரண்டு, தங்க ரேக் ஒட்டிய கிருஷ்ணர் படம். மூன்று, 'பெரிய கோயில் கோபுர நிழல் தரையிலேயே விழாதாம்' என்கிற தகவல். (விழுகிறது சார். அந்த நிழலில் உட்கார்ந்து அரை மணி நேரம் கால் ஆற்றிக்கொண்டவன் சொல்கிறேன்.)

நான் போனது நாலாவது சாமானுக்காக. வாங்க அல்ல, ரிப்பேருக்கு. ஒரு பழைய மிருதங்கம்.

என் பெரியப்பாவுடையது அது. பகலில் தாலுகா ஆபீஸ் ஃபைல், சாயங்காலம் பஜனை மடத்தில் மிருதங்கம் என்று வாழ்ந்த மனிதர். அவர் போன பிறகு இருபது வருஷம் பரணில் கிடந்தது. ஒரு தலையை எலி ருசி பார்த்துவிட்டது. இன்னொரு தலை நடுவில் கிழிசல். வார் மூன்று இடத்தில் அறுந்து தொங்கியது. இப்போது சென்னையில் அண்ணன் மகள் மிருதங்க வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். "தாத்தா வாத்தியத்துலதான் வாசிப்பேன்" என்று பிடிவாதம். அண்ணனுக்கு ஆபீஸில் லீவு கிடையாது. "நீதான் எழுதறேன்னு சொல்லிக்கிட்டு வீட்டுல இருக்கியே, போயிட்டு வாயேன்" என்றான். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனைப் பற்றி உறவுக்காரர்களின் ஒருமித்த கருத்து இதுதான்.

புரட்டாசி கடைசியில், எழும்பூரில் சோழன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். உறை போட்ட மிருதங்கத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு ரயிலில் தனி மரியாதை. எதிர் சீட்டுப் பெரியவர் "யாருக்கு வாசிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "ரிப்பேர் சார்" என்றேன். "அடக்கம்!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

கொள்ளிடம் பாலம் தாண்டியதும் ஜன்னல் நிறம் மாறிவிடுகிறது. சீர்காழி, மயிலாடுதுறை, கும்பகோணம், பாபநாசம் என்று ஸ்டேஷன் பெயர்களே இலை போட்டுப் பரிமாறுகிற மாதிரி இருக்கும். ஒரு வயலில் குறுவை அறுவடை, அடுத்த வயலில் சம்பா நாற்று. ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள் என்பதால், ஊரே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தது. இந்த ஈர விவகாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு ஒருவரும் இதே வானத்தைப் பார்க்கப்போகிறார்.

தஞ்சாவூரில் டவுன் பஸ் கண்டக்டர் உறையைத் தட்டிப் பார்த்து "உள்ள என்ன சார்?" என்றார். "மிருதங்கம்." "வாசிப்பீங்களா?" "மாட்டேன்." "அப்ப லக்கேஜ்!" என்று டிக்கெட் கிழித்தார். வித்வானாக இருந்தால் வாத்தியம், இல்லாவிட்டால் லக்கேஜ். நியாயம்தான்.

விசாரித்துக்கொண்டு போன சந்தில், ஓட்டு வீட்டுத் திண்ணையே பட்டறை. அறுபது வயசு இருக்கும் அவருக்கு. கைலி, பனியன், காதில் பென்சில். சுவரில் வேளாங்கண்ணி மாதா படம், அதற்குப் பக்கத்திலேயே மிருதங்க வித்வான்களின் போட்டோ வரிசை.

"வாங்க தம்பி, ஒக்காருங்க" என்றவர், என்னைப் பார்க்கவில்லை, வாத்தியத்தைத்தான் பார்த்தார். அறுந்த வாரை விரலால் நிரடினார். முடிச்சு விழுந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க சித்தப்பா கட்டு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"முடிச்சைக் கொண்டாந்து நிறுத்துற எடம் ஆளுக்கு ஆள் மாறும் தம்பி. எங்க சித்தப்பா இப்படித்தான் முடிப்பாரு. போயி முப்பது வருசம் ஆச்சு. ஒங்க பெரியப்பா அவருகிட்டதான் குடுத்திருக்காரு."

பேங்கில் கையெழுத்தை வைத்துக் கஸ்டமரைக் கண்டுபிடிக்கிற மாதிரி, முடிச்சை வைத்துச் சித்தப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார்!

மிருதங்கத்தை மேடையில் பார்த்திருப்பீர்கள். அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தவர்கள் குறைவு. (ஆணியே கிடையாது என்பது வேறு விஷயம்.) உடம்பு பலா மரம். இதற்குக் 'கட்டை' என்று பெயர். பண்ருட்டிப் பலாவுக்கு இதில் நல்ல பெயர். ஒரே மரத்துண்டைக் குடைந்து எடுக்கிறார்கள். வலது பக்கம் சின்ன வாய், அது வலந்தலை. இடது பக்கம் பெரிய வாய், அது தொப்பி. இரண்டு வாயிலும் தோலை இறுக்கிப் பிடிக்கிற பின்னல் வளையத்துக்கு 'மூட்டு' என்று பெயர். இந்த மூட்டுக்கும் அந்த மூட்டுக்கும் நடுவே, ஒவ்வொன்றிலும் 16 கண்களுக்குள் நுழைந்து நுழைந்து ஓடுவதுதான் வார். எருமைத் தோலில் அறுத்தது.

வலந்தலை ஒற்றைத் தோல் அல்ல. சுருதி பேசுகிற நடுத்தோல் ஆடு. அதன்மேல் வளையமாக உட்கார்வது பசு. "ரெண்டு கன்னு போட்ட பசுத் தோலுதான் கேப்போம். அதுலதான் அந்த மணிச் சத்தம் வரும்" என்றார். பசு, ஆடு, எருமை மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு மிருதங்கம். கூட்டணி ஆட்சி.

முதல் நாள் முழுக்க அவிழ்ப்புதான். பழைய வாரை உருவி, மூட்டுகளைக் கழற்றி எடுத்ததும் கட்டை மட்டும் வெறும் உடம்போடு நின்றது. அதற்குள் தலையை விட்டு "ஹும்" என்று ஒரு சத்தம் கொடுத்தார். கட்டை திருப்பிச் சொன்னது. "விரிசல் இல்ல. இந்த மாதிரி வெளஞ்ச கட்டை இப்ப லேசுல கெடைக்காது. பத்திரமா வச்சுக்குங்க."

பி.காம். படித்தவனுக்கு இது ஒரு விசித்திரமான கணக்கு. எந்த மெஷினை வாங்கினாலும் வருஷா வருஷம் தேய்மானம் எழுதித்தான் எங்களுக்குப் பழக்கம். இங்கே தோலுக்கும் வாருக்கும் தேய்மானம் உண்டு, கட்டைக்கு மட்டும் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது! அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் நம்ம ஊர் விக்கெட் கீப்பர் மாதிரி பந்து பிடிப்பவர் ஒருவர் உண்டு. அவருடைய தடித்த தோல் கையுறையிலும் வார் இற்றுப்போனால் உருவிவிட்டுப் புது வார் கோத்துக்கொள்வார்களாம். கைக்குப் பழகின சாமானைத் தூக்கிப் போட யாருக்குத்தான் மனசு வரும்?

இரண்டாம் நாள் வார் இழுப்பு. ஊற வைத்த தோலும் வாரும் ஈரமாக இருக்கும்போதே இழுக்க வேண்டும். காயக் காய அதுவே சுருங்கி இறுக்கிக்கொள்ளும். அவரும் அவர் மச்சானும் எதிரெதிரே உட்கார்ந்து, காலால் கட்டையை உதைத்துக்கொண்டு இழுத்தார்கள். ஒரு கண்ணில் இறுக்கினால் எதிர்க் கண் தளர்கிறது. அதை இறுக்கினால் பக்கத்துக் கண் முறைக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் தீபாவளிக்குப் புடவை எடுக்கிற மாதிரி, பதினாறு பேருக்கும் ஒரே அளவாகப் போய்ச் சேர வேண்டும். சுற்றிச் சுற்றி வந்து அன்றைக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். ரேகை ஜோசியர் அந்தக் கையைப் பார்த்தால் தொழிலையே விட்டுவிடுவார். ஒரு ரேகை பாக்கி இல்லை.

மூன்றாம் நாள் காலையில் அவர் வீட்டம்மா ஒரு கிண்ணத்தில் குழையக் குழைய வடித்த சோறு கொண்டுவந்து வைத்தார். 'டிபன் சீக்கிரமே வந்துவிட்டதே' என்று நான் நகர்ந்து உட்கார்ந்தேன். டிபன் எனக்கில்லை, மிருதங்கத்துக்கு!

வலந்தலை நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்குமே, அதற்குக் கரணை என்று பெயர். பட்டறை பாஷையில் 'சோறு'. நிஜமாகவே சோறுதான். கிட்டான் கல் என்கிற கறுப்புக் கல்லை இடித்து, மாவாகச் சலித்து, சோற்றோடு பிசைந்து, மெழுகு மாதிரி ஆக்குகிறார்கள். அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் தோலின் நடுவில் வைத்து, வழுவழுப்பான ஒரு கல்லால் தேய்க்கிறார். தேய்த்துத் தேய்த்துக் காய்ந்ததும் அடுத்த சிட்டிகை. இப்படி அடுக்கு மேல் அடுக்கு. தேய்க்கிற தேய்ப்பில் கரணை முழுக்க மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. அந்த வெடிப்புகள் இருப்பதால்தான் தோல் அசைந்து கொடுக்கிறது. அவை இல்லாவிட்டால் பானை மூடியைத் தட்டுகிற சத்தம்தான் வரும்.

தொப்பிக்கு வேறு மெனு. கச்சேரிக்கு முன்னால் ரவையைத் தண்ணீரில் பிசைந்து நடுவில் அப்புவார்கள். அந்த 'தொம்' அதில்தான் பிறக்கிறது. கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஆக, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் உப்புமா. காவிரிக் கரையில் பிறந்த வாத்தியம் பட்டினியாக எப்படிப் பேசும்?

இந்தச் சோற்று உருண்டைக்குள் ஒரு பௌதிகம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு ஆபீஸ்காரர் என்பதை அலுவலக நண்பர்கள் கவனிக்கவும். திருச்சி திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி.வி. ராமன், 1907-ல் கல்கத்தாவில் நிதித் துறையில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக வேலைக்குச் சேர்ந்தார். ஆபீஸுக்கு முன்னாலும் பின்னாலும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓடினார். 1917-ல் வேலையை விட்டுவிட்டுப் பேராசிரியரானார். 1920-ல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 'நேச்சர்' பத்திரிகையில் நம் ஊர்த் தாள வாத்தியங்களைப் பற்றி எழுதினார்.

விஷயம் இதுதான். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அதிலிருந்து கிளம்புகிற துணை ஒலிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். சத்தம்தான் வரும், சுருதி வராது. நடுவில் கனமாக ஒரு கரணை போட்டால் அந்த ஒலிகள் ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. முதல் ஒன்பது அதிர்வு வகைகளும் ஐந்து ஒத்திசைந்த ஸ்வரங்களாகச் சேர்ந்துவிடுகின்றன. அதாவது, தந்தி வாத்தியம் மாதிரி தோல் பாடுகிறது! 1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது வெளிச்சத்துக்காக. ஆனால் அவர் காதும் லேசுப்பட்டதல்ல.

இதை நம்மவரிடம் சொன்னேன். கல்லால் தேய்த்துக்கொண்டே கேட்டார். "சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றார். நோபல் பரிசு பெற்றவருக்கு ஒரு தஞ்சாவூர் சர்டிபிகேட்.

கரணை காய்கிற நேரத்தில் திருவையாறு போய்வந்தேன். பதிமூன்று கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றைத் தாண்ட வேண்டும். பஸ்ஸில் தூங்கினால் இரண்டு ஆறு கணக்கில் குறையும். தியாகராஜர் சமாதிக்குப் பின்னால் காவிரி நிறைந்து போய்க்கொண்டிருந்தது. தை மாசத்து ஆராதனையின்போது இங்கே வித்வான்கள் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடுவதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மிருதங்கங்களும் வரிசையாக இருக்கும். வாசிக்கிறவர்களின் பெயரை அறிவிப்பாளர் சொல்லுவார். செய்தவர்களின் பெயரை?

பாலக்காடு மணி ஐயர் (1912-1981) பெயரைக் கேள்விப்படாத ரசிகர் கிடையாது. தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பாடம் கேட்டவர். 1966-ல் சங்கீத கலாநிதி. அவருக்குப் பல வருஷம் மிருதங்கம் செய்து கொடுத்தவர் பர்லாந்து. இந்தப் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்? மணி ஐயர் இப்படி ஒலிக்க வேண்டும் என்பார், பர்லாந்து தோலை மாற்றிப் பார்ப்பார், மறுபடி கேட்பார், மறுபடி மாற்றுவார். தஞ்சாவூரில் தொழில் செய்த செபாஸ்டியன் பரம்பரையில் வந்தவர் அவர். இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்துவக் குடும்பத்தினர். பாடகர் டி.எம். கிருஷ்ணா இவர்களைத் தேடிப்போய் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று இங்கிலீஷில் ஒரு புத்தகமே எழுதினார். 2020-ல் அதை வெளியிட முதலில் அரங்கம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியை வாபஸ் வாங்கிக்கொண்டது. புத்தகம் சென்னையிலேயே ஒரு பத்திரிகையியல் கல்லூரியில் வெளியானது. மிருதங்கத்துக்கு எந்த மேடையிலும் இடம் உண்டு. அதன் தோல் எங்கிருந்து வருகிறது என்கிற பேச்சுக்குத்தான் இடம் கிடைப்பது கஷ்டம்.

திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெல்லைக் கிளறின விவசாயியின் அதே முகம்.

"ஐப்பசி மழை புடிச்சுக்கிட்டா தோலு காயாது தம்பி. சோறும் காயாது. ஆனா மெட்ராசுல மார்கழி சீசன் வந்துரும். எல்லாருக்கும் அதுக்குள்ள புது மூட்டு வேணும். வருசம் பூரா வேலை கம்மி, மழையில மட்டும் கழுத்தப் புடிக்கும்."

இப்போது வாருக்குப் பதிலாக இரும்புக் கம்பி, நட்டு, போல்ட்டு வைத்த மிருதங்கங்கள் வந்துவிட்டன. ஸ்பேனர் வைத்துச் சுருதி சேர்க்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய சௌகரியம். "அதனால உங்க வேலை போயிடாதா?" என்று கேட்டேன்.

"வாரு இழுக்குற வேலை போவும். தோலு மாத்தணும்ல? சோறு போடணும்ல? அதுக்குப் போல்ட்டு வராது."

"உங்க பையன் கத்துக்கிட்டாரா?"

கல்லை நிறுத்தினார். பையன் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் இருக்கிறானாம். ஸ்பேனர் வேலைதான். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வரும்போது ஒரு கை வார் இழுத்துக் கொடுப்பானாம். "நல்லா இழுப்பான். காது உண்டு அவனுக்கு. ஆனா வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன்."

நாலாம் நாள் சுருதி. செல்போனில் தம்புரா ஆப் ஓடியது. குச்சியை மூட்டின்மேல் வைத்துக் கல்லால் தட்டினார். மேலிருந்து கீழே தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். பதினாறு கண்ணையும் சுற்றி வந்து கடைசியில் மோதிர விரலை அணைத்து, ஆள்காட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டினார். 'நம்' என்று எழுந்த நாதம் திண்ணையைத் தாண்டி, எதிர் வீட்டு மாடி வரைக்கும் போனது. காய வைத்த துணியை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். இருபது வருஷம் பரணில் பேசாமல் கிடந்த சாமான்! தாலுகா ஆபீஸ் பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

"உங்களைப் பத்திப் பத்திரிகையில எழுதப்போறேன். பேரும் போட்டோவும் போடலாமா?" என்றேன்.

சிரித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எழுதுங்க. பேரு வேணாம் தம்பி. பையனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம். தோலு வேலைன்னு படிச்சா அந்தப் பக்கம் ஒரு மாதிரி யோசிப்பாங்க."

பெரிய கோயிலுக்குப் போனால் வெளிச் சுவரைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். 1010 வாக்கில் கட்டி முடித்த ராஜராஜன், கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரையும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு நூறு கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சம்பளப் பட்டியலைக் கல்லில் போட்ட ஊரில், இன்றைக்கு ஒருவர் தன் தொழிலோடு தன் பெயரைச் சேர்த்துச் சொல்லத் தயங்குகிறார். தயக்கம் அவருடைய குறையா? கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்குக் கை வலிக்கத் தட்டிவிட்டு, தோலைத் தொட்டவரைத் திண்ணையோடு நிறுத்துகிறவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணன் கணக்கில் கறார். "பில் வாங்கிட்டு வா" என்று சொல்லியிருந்தான். அவரிடம் பில் புக் கிடையாது. முப்பது நாற்பது வருஷத் தொழிலில் யாரும் கேட்டதில்லையாம். நானே ஒரு வெள்ளைத்தாளில் வவுச்சர் எழுதினேன். 'மிருதங்கம் ஒன்று. இரண்டு மூட்டும் புதிது. வார் புதிது. சோறு போட்டுச் சுருதி சேர்த்தது. தொகை பெற்றுக்கொண்டேன்.' கீழே கோடு போட்டு நீட்டினேன்.

காதிலிருந்த பென்சிலைத் தொட்டவர், அதை விட்டுவிட்டு என் பேனாவை வாங்கிக்கொண்டார். தன் பெயர், அப்பா பெயர், அதற்கும் கீழே கேட்காமலேயே சித்தப்பா பெயர் என்று நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணனிடம் தொகையை மட்டும் சொல்லிவிட்டேன். அந்தக் காகிதம் மிருதங்க உறையின் உள் பாக்கெட்டில் இருக்கிறது. அண்ணன் மகள் என்றைக்காவது மேடை ஏறினால், அறிவிப்பாளர் கையில் கொடுக்க வேண்டிய சீட்டு அது. அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.